திரைக்குள் ஊர்கள் – 17: நள்ளிரவில் ஓடிய சிறுவன்

போன வாரம் வில்லடோர் நகரத்துக் கூரை ஒன்றில் நின்றிருந்தோம். சகோதரி மியாவைத் தேடி வரும் ஏய்டன், மதில் சூழ்ந்த நகரம், இருட்டியதும் தெருவுக்கு வரும் ஜாம்பிக் கூட்டம். ‘டையிங் லைட் 2’ வீடியோ கேமின் கதை இவ்வளவுதான். மீதி பழைய இதழ்களில் இருக்கிறது. இந்த வாரம் அந்த ஆட்டத்தின் இரவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஹாக்கன் குறுக்கே வந்துவிட்டான்.

ஏய்டன் நகரத்துக்குள் நுழைந்ததும் கைகொடுப்பவன் ஹாக்கன். அவனுக்குக் குரல் கொடுத்தவர் டேவிட் பெல். பார்கூர் என்று உலகம் இன்று அழைக்கும் ஓட்டக்கலையைச் சொன்னாலே முதலில் வரும் பெயர் அவருடையது. ஆட்டத்தை உருவாக்கிய போலந்தின் டெக்லாண்ட் நிறுவனம் அவரைக் குரலுக்காக மட்டும் அழைக்கவில்லை. ஆட்டத்தில் கால்கள் எப்படி ஓட வேண்டும், கை எந்த விளிம்பைப் பிடிக்க வேண்டும் என்பதற்கும் அவரிடமே ஆலோசனை கேட்டது. அவர் எங்கே கற்றார் என்று தேடிப் போனதில் அவருடைய அப்பா கிடைத்தார். இந்த வாரம் முழுக்க என் மனசு அந்த மனிதரைவிட்டு நகரவில்லை.

ரேமோன் பெல் 1939-இல் வியட்நாமின் ஹுவே நகரில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வியட்நாமியர். போர் குடும்பத்தைச் சிதறடித்தது. சிறுவயதிலேயே தலாத் ஊரிலிருந்த ராணுவ அனாதைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். வலுத்தவன் இளைத்தவனை அடிக்கும் இடம் அது. மற்றவர்கள் தூங்கிய பிறகு எழுந்துபோய், ராணுவத் தடை தாண்டும் பாதையில் தனியாக ஓடிப் பழகியிருக்கிறான் அந்தச் சிறுவன். மரமேறினான், மதில் தாவினான், சத்தமில்லாமல் குதிக்கக் கற்றான். எவனும் தன்னைத் துரத்திப் பிடிக்க முடியாது என்ற நிலை வரும்வரை விடவில்லை. 1954-இல் பிரான்ஸ் போனார். பிறகு பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தார்.

1969 ஜனவரியில் ஒருநாள் நோத்ர தாம் தேவாலயத்தின் ஊசிக் கோபுர உச்சியில் வியட்காங் கொடி பறந்தது. சுவிட்சர்லாந்து இளைஞர்கள் மூன்று பேர் இரவோடு இரவாகச் செய்த வேலை அது. அதை இறக்க ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் தொங்கவிடப்பட்டவர் ரேமோன் பெல். வியட்நாமில் பிறந்த தீயணைப்பு வீரர், பாரிஸின் தலைக்கு மேலே தொங்கியபடி வியட்நாம் போராளிகளின் கொடியை அவிழ்க்கிறார். அந்தக் கணம் அவருக்குள் என்ன ஓடியிருக்கும்! அந்தக் கோபுரம் 2019 தீயில் சாய்ந்தது. இப்போது மறுபடி கட்டிவிட்டார்கள்.

மகன் டேவிட் பதின்ம வயதில் குடியேறிய ஊர் லிஸ். நம் அண்ணனூருக்கு சென்ட்ரல் எப்படியோ, லிஸ்ஸுக்குப் பாரிஸ் அப்படி. அப்பா சொன்னதை அந்தப் புறநகரின் படிக்கட்டுகளிலும் மதில்களிலும் கூட்டாளிகளோடு ஓடிப் பார்த்துப் பார்த்துத்தான் பார்கூர் பிறந்தது. ஒரு கலை பிறக்கத் தலைநகரின் மையம் தேவையில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அண்ணனூர் கார் ஷெட் பக்கத்து மொட்டை மாடி ஒன்றிலிருந்து சுற்றிலும் பாருங்கள்: கைப்பிடிச் சுவர், ஹெட்ரூம், கருப்புத் தண்ணீர்த் தொட்டி, அடுத்த மாடிக்காக விட்டுவைத்த கம்பிகள். வில்லடோரை வடிவமைத்தவர்கள் நாள் முழுக்கப் பார்த்ததும் இதே பார்வைதான்: எங்கே கால் வைக்கலாம், எங்கே கை எட்டும். (ஆட்டத்தில் விழுந்தால் மறுபடி எழலாம். மாடியில் யாரும் முயல வேண்டாம்.)

இந்தக் கதை தெரிந்த பிறகு ஆட்டத்தைப் பற்றிய ஒரு பெரிய சண்டையை வேறு விதமாகப் பார்க்கிறேன். எங்கள் மாடி வீட்டுக் கல்லூரிப் பையன் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே கொதிப்பான்: “அங்கிள், சுவத்துல பாதி ஏறும்போதே மூச்சு தீந்து கீழ விழுறான். முதல் பார்ட்ல இந்தத் தொல்லையே இல்ல.” உண்மைதான். 2015-இல் வந்த முதல் பாகத்தில் ஏறுவதற்கு மூச்சுக் கணக்கு கிடையாது. இதில் உண்டு. இன்ஹிபிட்டர் மருந்து மூன்று சேர்ந்தால்தான் உடல் வலுவோ மூச்சோ ஒரு படி கூடும். நான் ஆட்டத்தின் பக்கம். மூச்சு குறைவாக இருப்பதால்தான் தாவும் முன் சுவரைப் படிக்கிறோம். ஆனால் நல்ல தாவல்களைக்கூடப் பூட்டிவைத்து, பல மணி நேரம் கழித்துத் திறந்துவிடுவது அநியாயம். பாராகிளைடர் கைக்கு வந்து, மத்திய வட்டாரத்தின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே காற்றில் மிதக்கும்போது கிடைக்கும் ஆனந்தம் முதல் பாகத்தில் இல்லாதது. அதுவரை பொறுமையோடு இருப்பவர் எத்தனை பேர்?

முழுவதையும் ஆடி முடிக்க 500 மணி நேரம் ஆகும் என்று 2022 ஜனவரியில் டெக்லாண்ட் பெருமையோடு அறிவித்தது. வார்சாவிலிருந்து மாட்ரிட்டுக்கு நடக்கிற நேரம் அது என்று உவமையும் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும், முக்கியக் கதைக்கு 20 மணி நேரம் போதும் என்று விளக்கம் வந்தது. நீளம் பெருமையல்ல என்று இன்றும் பல நிறுவனங்களுக்குப் புரியவில்லை.

எரிச்சல்கள் இன்னும் உண்டு. ஆயுதம் உடைந்துகொண்டே இருக்கிறது. முதல் பாகத்தில் இருந்ததுபோல நேரடியாகப் பழுதுபார்க்கும் வசதி வெளியானபோது இல்லை. நாமாகச் சேமிக்க வழியில்லை, ஆட்டம் நினைத்தபோது சேமிக்கும். நடுவில் கரண்ட் போகும் ஊரில் இது எவ்வளவு கொடுமை என்று டெக்லாண்டின் ஊரான வ்ரோத்ஸ்வாவில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது.

தண்ணீர்க் கோபுரம் நன்றாக வந்திருக்க வேண்டிய இடம். அதை ராணுவப் பாணித் தரப்பான பீஸ்கீப்பர்களிடம் கொடுப்பதா, பழைய நகரத்து மக்களிடம் கொடுப்பதா என்று நாம்தான் தீர்மானிக்கிறோம். ஒரு தரப்புக்குக் கொடுத்தால் தெருவில் ஜாம்பிகளுக்குப் பொறி முளைக்கும். மறு தரப்புக்குக் கொடுத்தால் தாவி ஓட வசதிகள் முளைக்கும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு, தண்ணீர் யார் கையில் என்பதன் கனம் தெரியும். ஆனால் 2018-இல் இந்த ஆட்டத்தை அறிவித்தபோது, நம் முடிவுகளால் நகரமே மாறும் என்றார்கள். வந்து சேர்ந்ததில் அந்த மாற்றம் மேலோட்டமாக நின்றுவிட்டது. என் பெரிய ஏமாற்றம் இதுதான்.

இரவுக்கு இடமில்லாமல் போய்விட்டது. முதல் பாகத்தில் இரவில் தெருவெல்லாம் திரிந்த வோலட்டைல் என்ற கொடிய ஜாம்பிகள் இரண்டாம் பாகம் வெளியானபோது பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தன; ஆடுபவர்கள் குறைப்பட்ட பிறகு, 2023 ஜூனில் வந்த அப்டேட்டில் மறுபடி தெருவுக்கு வந்தன. பயத்தை எடுத்தது ஏன், திருப்பிக் கொடுத்ததும் என்ன ஆனது என்பது அடுத்த வாரம். முதல் பாகத்தை ஆடியவர்கள், இருட்டியபின் முதன்முதலாக வெளியே போன அனுபவத்தை நாலு வரியில் எழுதி அனுப்புங்கள். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.