பெயர் மறைத்த போத்தல்கள்

நீண்டதொரு மேசை. அதன்மீது வெண்ணிறத் துணி விரிக்கப்பட்டிருக்கிறது. ஆறு போத்தல்கள் கழுத்துவரை காகிதத்தாற் சுற்றப்பட்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் மாத்திரமே எழுதப்பட்டுள்ளது. சூழ அமர்ந்திருப்போர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. குவளையை உயர்த்தி வெளிச்சத்திற் பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், ஒரு வாய் உறிஞ்சி நாவிற் புரட்டுகிறார்கள், பின்னர் அருகிலுள்ள பாத்திரத்தில் உமிழ்ந்துவிட்டுக் குறிப்பெழுதுகிறார்கள். பரீட்சை மண்டபமோ என ஐயுறத்தக்க அமைதி அங்கே நிலவுகிறது.

இது ஷாம்பேன் என்னும் மதுவை ஒப்புநோக்கித் தரங்காணும் கூட்டம். ஐரோப்பிய நகரங்களில் இத்துறையில் ஈடுபாடு கொண்டோர் இவ்வாறு கூடுவது வழக்கம். குடும்பத்தார் கூடி வாசிக்கும் பக்கத்தில் மதுவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று வாசகர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். மதுவைப் புகழ்வது எமது நோக்கமன்று. போத்தலைச் சுற்றியிருக்கும் அந்தக் காகிதமே எமது கவனத்தைக் கவர்ந்தது. பெயரை மறைத்த பின்னரே தரத்தைக் காணமுடியும் என்று அவர்கள் ஏன் கருதுகிறார்கள்?

இதனை அறிய, முதலில் அப்பெயரின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். ஷாம்பேன் என்பது பாரிஸ் நகருக்குக் கிழக்கே, றீம்ஸ், எப்பேர்னே ஆகிய நகரங்களைச் சூழ்ந்துள்ள ஒரு மாகாணத்தின் பெயர். அங்கு விளையும் முந்திரிகைப் பழங்களின் சாறு ஒருமுறை நொதித்து மதுவானதும், அதனைப் போத்தலில் இட்டு, சிறிது சீனியும் மதுவமும் சேர்த்து மீண்டும் நொதிக்க விடுகிறார்கள். அப்போது பிறக்கும் காபனீரொட்சைட்டு வெளியேற வழியின்றி மதுவிலேயே கரைந்து நிற்கிறது. போத்தலினுள் உண்டாகும் அமுக்கம் ஏறத்தாழ ஆறு வளிமண்டல அளவு. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் உள்ளதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. தக்கையைத் திறந்ததும் எழும் ஓசைக்கும் நுரைக்கும் இதுவே காரணம். சாதாரண ஷாம்பேன் ஆகக் குறைந்தது 15 மாதமும், ஒரே ஆண்டின் விளைச்சலைக் குறிப்பிட்டு விற்கப்படுவது மூன்று ஆண்டும் வைத்திருக்கப்படல் வேண்டும் என்பது விதி.

இப்பெயர் எளிதிற் காப்பாற்றப்பட்டதன்று. அம்மாகாணத்தின் முந்திரிகைத் தோட்டங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிறு குடியானவர்களுக்கே சொந்தம். புகழ்பெற்ற வணிக நிலையங்களோ பெரும்பாலும் அவர்களிடம் பழத்தை வாங்கியே மது ஆக்குகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்நிலையங்களுட் சில வேறிடங்களிலிருந்து மலிவான சரக்கைத் தருவித்து ஷாம்பேன் என்ற பெயரில் விற்கின்றன என்ற மனக்கொதிப்புக் குடியானவரிடையே மூண்டது. 1910இல் விளைச்சலும் பொய்த்தது. 1911ஆம் ஆண்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அய் என்னும் ஊரில் மதுநிலையங்கள் தீக்கிரையாயின. அரசாங்கம் படையை அனுப்பியே அமைதியை நிலைநாட்டிற்று. அப்பெயரை எவ்வெல்லைக்குள், எம்முறையில் ஆக்கிய மதுவுக்கு வழங்கலாம் என்னும் சட்டம் படிப்படியாக உருவாகி, 1936இல் முழுமை பெற்றது.

இவ்வாறு போராடிப் பெற்ற பெயரையா காகிதத்தால் மூடுகிறார்கள் என்று கேட்கலாம். ஆம், ஏனெனில், பெயர் உண்மையைக் காக்கவும் வல்லது, உண்மையை மறைக்கவும் வல்லது. எல்லைக்குள் விளைந்தது என்பதற்குப் பெயர் சான்று கூறும். எல்லைக்குள் விளைந்தவற்றுள் எது சிறந்தது என்பதைப் பெயர் கூறமாட்டாது. அதனை நாவே கூறவேண்டும். நாவோ எளிதில் ஏமாறும் உறுப்பு.

எவ்வளவு எளிதில் என்பதற்கு 2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி சான்றாகும். பிரான்சின் போர்தோ நகரில் மதுவாக்கற் கலை பயிலும் 54 மாணவர்களிடம் இரு குவளைகள் கொடுக்கப்பட்டன. ஒன்றில் வெண்ணிற மது. மற்றதில் அதே வெண்ணிற மது, மணமற்ற செந்நிறச் சாயம் கலந்து. சாயமிட்டதை முகர்ந்த மாணவர்கள், செந்நிற மதுவுக்கே உரிய சொற்களால் அதன் மணத்தை வருணித்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் கண்டதை மூக்கும் ஒப்புக்கொண்டுவிட்டது. வெறும் நிறமே இவ்வளவு செய்யுமாயின், பொன்னெழுத்திற் பொறித்த பெயர் எவ்வளவு செய்யாது!

ஆகவேதான் தரங்காணும் கூட்டத்தில் இத்தனை கட்டுப்பாடுகள். சில நிலையங்களின் போத்தல்களை வடிவத்தைக் கொண்டே இனங்காணலாம். ஆதலால் கழுத்திலுள்ள தகட்டுத் தாளையும் நீக்கி, போத்தல் முழுவதையும் மறைப்பர். எல்லாப் போத்தல்களும் ஒரே குளிர்ச்சியில், ஏறத்தாழ 8 முதல் 10 பாகை செல்சியசில் இருத்தல் வேண்டும். குவளைகளும் ஒரே வகையாக, ஒரே முறையிற் கழுவப்பட்டனவாக இருத்தல் வேண்டும். குமிழிகள் எழுவது பெரும்பாலும் குவளையில் ஒட்டியிருக்கும் நுண்ணிய துணிநார், தூசி ஆகியவற்றிலிருந்தே என்று அறிவியலார் காட்டியுள்ளனர். துடைத்த துணியின் குணத்தை மதுவின் குணமென்று கொள்ளலாகாதன்றோ! சீனி குறைந்ததை முன்னும் மிகுந்ததை பின்னும் சுவைப்பர். மதி மயங்காதிருக்க உமிழ்ந்துவிடுவர். நம் நாட்டுத் தேயிலைச் சுவைஞர் உமிழ்வதும் நாம் அறிந்ததே. எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறவார். முதலிற் பேசுபவரின் கருத்து மற்றையோரின் நாவிலும் ஏறிவிடும் என்ற அச்சமே காரணம்.

இறுதியிற் காகிதம் அகற்றப்படும்போது சிலர் முகம் மலரும். சிலர் முகம் சிவக்கும். பேர்போன நிலையத்தின் விலையுயர்ந்த போத்தலுக்கு முன்னே, தன் தோட்டத்துப் பழத்தைக் கொண்டு தானே மது ஆக்கிய ஒரு கிராமத்துக் குடியானவனின் போத்தல் நிற்பதுமுண்டு. விளம்பரத்துக்குப் பொருளில்லாத அவனுக்கு அந்தக் காகித உறையே துணை. பெரிய பெயரே முதலிடம் பெறுவதுமுண்டு. அப்போது அப்பெயர் தன் தகுதியை மீண்டும் ஒருமுறை மெய்ப்பித்ததாகும்.

மனிதர் மறைக்காமல் கடலே பெயரை மறைத்த நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 2010ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பால்ட்டிக் கடலில், பின்லாந்துக்குரிய ஓலன்ட் தீவுகளுக்கு அருகே சுழியோடிகள் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டனர். ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில், இருளிலும் குளிரிலும், 168 போத்தல்கள் கிடந்தன. ஒட்டிய தாள்கள் எப்போதோ கரைந்துவிட்டன. தக்கைகளின் உட்புறத்துப் பொறிப்புகளைக் கொண்டே அவை வெவ் கிளிக்கோ, ஐட்சிக், ஜுக்லார் ஆகிய நிலையங்களின் ஷாம்பேன் என்று அறியப்பட்டன. வெவ் என்பது பிரெஞ்சு மொழியிற் கைம்பெண்ணைக் குறிக்கும். 1805இல், 27 வயதிற் கணவனை இழந்த கிளிக்கோ அம்மையார் தாமே முன்னின்று வளர்த்த நிலையம் அது.

ஏறத்தாழ 170 ஆண்டு கடலடியிற் கிடந்த அம்மதுவை ஆராய்ந்து றீம்ஸ் பல்கலைக்கழக அறிஞர் 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். லீற்றருக்கு ஏறத்தாழ 150 கிராம் சீனி அதிற் காணப்பட்டது. இன்று பெருவழக்கிலுள்ள 'புறூட்' வகையில் 12 கிராமுக்குங் குறைவே. சுவைத்தோர் முதலில் ஈரமயிரின் வாடையையும் பாற்கட்டியின் வாடையையும் உணர்ந்தனர். குவளையைச் சுழற்றிக் காற்றுப்படச் செய்ததும் புகை, தோல், மலர், பழம் ஆகியவற்றின் மணங்கள் எழுந்தன. முதல் முகர்தலோடு தீர்ப்பை எழுதியிருப்பின் அம்மதுவுக்கு அநீதி நிகழ்ந்திருக்கும்.

2011இல் ஓலன்டில் நிகழ்ந்த ஏலத்தில், ஒரே கப்பலிற் கிடந்த அப்போத்தல்களுள் வெவ் கிளிக்கோ ஒன்று 30,000 யூரோவுக்கும், ஜுக்லார் ஒன்று 24,000 யூரோவுக்கும் விலைபோயின. ஜுக்லார் நிலையம் மறைந்து நெடுங்காலமாயிற்று. மற்றதன் பெயர் உலகறிந்தது. ஏலத்தில் விலை கேட்டோருக்குப் பெயர் மறைக்கப்பட்டிருக்கவில்லை.

பரீட்சை விடைத்தாளிற் பெயரை எழுதாது சுட்டெண்ணை மாத்திரம் எழுதும் எங்கள் மாணவருக்கு இக்காகித உறையின் பொருள் நன்கு விளங்கும். எவர் பிள்ளை, எந்தப் பாடசாலை என்று அறியாமலே விடை திருத்தப்படுகிறது. பரீட்சை மண்டபத்துக்கு வெளியே மனிதரையும் பொருளையும் நாம் மதிப்பிடும் வேளைகளில் அத்தகைய உறையை மாட்டித் தருவார் எவருமில்லை. அதனை நாமே மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.