மருந்தா, விஷமா?

என் பாட்டி தோட்டத்தில் 'மருந்து அடித்தவர்'. முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி தெளிப்பதற்குத்தான் அந்தப் பெயர். நஞ்சை ஏன் மருந்து என்கிறோம் என்று தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்தில் இந்தோனேசிய நெல் விவசாயத்தைப் பற்றிப் படித்தபோதுதான் தோன்றியது. ஜாவா விவசாயிகளும் பூச்சிக்கொல்லியை 'ஓபாட்', அதாவது மருந்து என்றே அழைத்தார்கள்.

1984இல் அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு இந்தோனேசியா. அடுத்த ஈராண்டுகளில் புகையான் என்னும் சிறு தத்துப்பூச்சி ஜாவாவின் வயல்களைக் காய வைத்தது. அரசு மானியத்தால் மருந்து மலிவு, விவசாயிகள் அடித்தார்கள். அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது! புகையான் முட்டையிடுவது நெற்பயிரின் இலையுறைக்குள். மருந்து அங்கே எட்டாது. புகையானை ஓடிப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்திகளோ வெளியே மடிந்துவிடும். பிறகு பொரிந்து வரும் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. கூலி கேட்காத காவல்காரனைக் காசு கொடுத்துக் கொன்ற கதைதான்.

1986இல் அதிபர் சுஹார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார். 1989இல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, படம் வரைந்து, தெளிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்தார்கள். அங்கே 'ஓபாட்' என்ற சொல்லை விட்டு 'ராச்சுன்', அதாவது விஷம் என்று சொல்லப் பழகினார்கள்.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். "விஷம்னு எங்களுக்கும் தெரியும் ஐயா. தண்டல் அடின்னாரு, அடிச்சோம்" என்றார்.