ஆயிரம் ஏக்கர் பண்ணை. மிச்சம் 144 பவுண்டு!

"வயலும் வாழ்வும்" பார்த்தவர்களுக்கு அதன் முறை தெரியும். நிபுணர் சொல்லுவார், விவசாயி கேட்டுக்கொள்வார். இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட "கிளார்க்சன்ஸ் ஃபார்ம்" என்ற டெலிவிஷன் தொடர் வேறு மாதிரி. அதில் நிலச் சொந்தக்காரருக்கே விவசாயம் தெரியாது. அவர் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்வதுதான் கதை.

ஜெரிமி கிளார்க்சன் மோட்டார் கார் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்றவர். 2008-ல் ஆக்ஸ்போர்டுஷயரில், சாட்லிங்டன் கிராமத்தருகே சுமார் 1,000 ஏக்கர் நிலம் வாங்கினார். உள்ளூர்க்காரர் ஒருவர் அதில் பயிர் செய்துவந்தார். 2019-ல் அவர் ஓய்வுபெறவே, கிளார்க்சன் தாமே களத்தில் இறங்கினார். அந்த முதல் வருட அனுபவம் 8 பகுதிகளாக 2021 ஜூன் மாதம் அமேசான் பிரைம் வீடியோவில் வெளிவந்தது.

குரு யார்?

முதல் காரியமாக ஒரு பெரிய லம்போர்கினி டிராக்டர் வாங்கினார். அது கொட்டகைக்குள்ளேயே நுழையவில்லை!

அடுத்தது விதைப்பு. பின்னால் மருந்து தெளிக்க வரும் டிராக்டரின் சக்கரம் பயிரை மிதிக்கக்கூடாது. அதற்காக விதைக்கும்போதே குறிப்பிட்ட இடைவெளியில் தடம் விட்டுப் போகவேண்டும். கிளார்க்சன் அந்தத் தடங்களைக் குழப்பிவிட்டார்.

அதற்காக அவரைப் பிடித்து வாங்கியவர் காலெப் கூப்பர். பண்ணையில் வேலைக்கு வந்த வாலிபர். வயது அப்போது 21தான். லண்டனுக்கு ஒரே ஒரு தடவை பள்ளிச் சுற்றுலா போனாராம். அன்றும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லையாம். ஆனால் வயலில் அவர்தான் குரு, முதலாளி சிஷ்யர்.

ஆடு வளர்ப்பிலும் பாடம் காத்திருந்தது. மந்தையை ஓட்ட, நாய் குரைக்கும் ஒலியெழுப்பும் குட்டி விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தார். கம்பளி விற்ற பணம், அதைக் கத்தரித்த கூலிக்குக்கூடக் காணவில்லை.

வானமும் கணக்கும்

2019 இலையுதிர்காலத்தில் மழை விடாமல் கொட்டி விதைப்பைக் கெடுத்தது. 2020 வசந்தத்தில் வெயில் காய்ந்தது. கொரோனா ஊரடங்கும் அப்போதுதான் வந்தது.

அறுவடை முடிந்ததும் பண்ணை ஆலோசகர் சார்லி அயர்லாந்து கணக்கை எடுத்து வைத்தார். வருட லாபம் 144 பவுண்டு! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற நம் பழமொழி இங்கிலாந்துக்கும் பொருந்துகிறது.

கிளார்க்சனுக்கு டெலிவிஷன் வருமானம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே அடுத்த வருடம் விதைக்கலாம். பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் அதே மழை, அதே வெயில். ஆனால் அவரைப் படமெடுக்க யாரும் வருவதில்லை. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகிய பிறகு, இங்கிலாந்தில் ஏக்கர் கணக்கில் கொடுத்துவந்த மானியமும் 2021 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. தொடரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பவர்களுக்கும் கடைசிப் பகுதியில் அந்தக் கவலை ஒட்டிக்கொள்ளும்.

ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வெளிமாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் தமிழர்கள் அநேகர். பென்ஷன் வாங்கியதும் ஊருக்குப் போய் நாமே பயிர் செய்யலாம் என்பது அவர்களில் பலருடைய ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் டிராக்டருக்கு விலை கேட்குமுன், இத்தனை நாள் அந்த மண்ணில் பாடுபட்டவரிடம் ஒரு போகமாவது கூடவே நின்று கற்றுக்கொள்வது நல்லது. ஆயிரம் ஏக்கர்காரர் அதைச் செய்யாமல் பட்டபாட்டைத்தான் ஊரே பார்த்துவிட்டதே!