முழுச் சூரிய கிரகணம் பார்க்கக் கம்ப்யூட்டரில் ஒரு பயணத் திட்டம்

கிரகணம் பார்க்க வெளியூர் செல்பவர்கள் பலர் முதலில் டிக்கெட் எடுக்கிறார்கள். அந்த ஊரில் கிரகணம் முழுமையாகத் தெரியுமா என்று பிறகுதான் தேடுகிறார்கள். வீட்டில் கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் இருந்தால் இதை மாற்றிச் செய்திடலாம். 2027 ஆகஸ்ட் 2 முழுச் சூரிய கிரகணத்துக்கு நான் திட்டமிட்ட முறையையே இங்கு தருகிறேன்.

நிலவின் முழு நிழல் பூமியின் மேல் ஒரு பட்டை போல ஓடுகிறது. இந்தக் கிரகணத்தில் அதன் அகலம் அதிகபட்சம் சுமார் 258 கிலோமீட்டர். தெற்கு ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, எகிப்து, சவுதி அரேபியா, ஏமன், சோமாலியா வழியாக நிழல் செல்கிறது. பட்டைக்கு வெளியே சூரியன் 99 சதவீதம் மறைந்தாலும் பயனில்லை. இருட்டாகாது, சூரியனைச் சுற்றியுள்ள கரோனா ஒளி தெரியாது, பாதுகாப்புக் கண்ணாடியையும் கழற்ற முடியாது.

பட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த சேவியர் ஜூபியே தன் தளத்தில் வைத்துள்ள கிரகண வரைபடம் மிக நல்லது. கூகுள் தேடலில் அவர் பெயரையும் கிரகண ஆண்டையும் கொடுத்தால் கிடைத்துவிடும். வரைபடத்தில் இரு நீலக் கோடுகள் பட்டையின் எல்லைகள், நடுவில் உள்ள சிவப்புக் கோடு மையம். ஏதேனும் ஓர் இடத்தில் கிளிக் செய்திடுங்கள். ஒரு சிறிய கட்டம் திறந்து, முழு மறைவு எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை விநாடிக் கணக்கில் காட்டும். நான் கெய்ரோவைக் கிளிக் செய்து பார்த்தேன். அங்கு பகுதி கிரகணம்தான். தெற்கே நகர்ந்து லக்சரில் கிளிக் செய்தால் ஆறு நிமிடத்துக்கும் மேல்! இந்தக் கிரகணத்தின் அதிகபட்ச நேரமான 6 நிமிடம் 23 விநாடி அந்த ஊருக்கு அருகில்தான் அமைகிறது. மையக் கோட்டிலிருந்து விலகினால் நேரம் குறையும், எல்லைக் கோட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. எனவே ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், தங்கப் போகும் ஹோட்டலையே பெரிதாக்கிக் கிளிக் செய்து பாருங்கள்.

கட்டத்தில் வரும் நேரம் உலகப் பொது நேரம். அதனுடன் ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம், மூன்று மணி கூட்டினால் எகிப்தின் கோடை நேரம். லக்சரில் பகல் 1 மணி தாண்டிச் சில நிமிடங்களில் இருட்டிவிடும்.

அடுத்தது மேகம். 2009 ஜூலை 22 அன்று பீகாரின் தாரேக்னா கிராமத்தில் முழு கிரகணம் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. பருவமழை மேகம் சூரியனை மறைத்துவிட்டது. கனடாவின் வானிலை நிபுணர் ஜே ஆண்டர்சன், ஒவ்வொரு கிரகணப் பாதையிலும் வழக்கமாக எவ்வளவு மேகம் இருக்கும் என்பதைத் தன் எக்லிப்ஸோஃபைல் தளத்தில் தொகுத்துத் தருகிறார். லக்சர் பாலைவன ஊர். ஆகஸ்டில் அங்கு மேகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்குப் பதிலாக வெயில் 40 டிகிரி அளவில் கொளுத்தும்.

இடத்தை முடிவு செய்தபின் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். ஸ்டெல்லேரியம் என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். எஃப்6 கீயை அழுத்தி ஊரையும், எஃப்5 அழுத்தித் தேதி நேரத்தையும் கொடுங்கள். எஃப்3 அழுத்திச் சூரியனைத் தேடுங்கள். எல் கீயைத் தட்டத் தட்ட நேரம் வேகமாக ஓடும், ஜே கீ வேகத்தைக் குறைக்கும். லக்சரில் அப்போது சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் இருப்பதை இதில் கண்டுகொண்டேன். நின்றபடி பார்த்தால் கழுத்து வலிக்கும் என்பதால் பாய் ஒன்றும் என் பட்டியலில் சேர்ந்தது.

இனி கண்ணைப் பற்றி. விழித்திரைக்கு வலி உணர்வு கிடையாது. அது எரிவது அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியாது. ஐஎஸ்ஓ 12312-2 தரத்தில் தயாரான கிரகணக் கண்ணாடியை நம்பகமான கடையில் வாங்குங்கள். கீறலோ ஓட்டையோ இருந்தால் வேண்டாம். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: பழைய ஃபிளாப்பியின் உள்தகடு அல்லது சிடி வழியாகச் சூரியனைப் பார்ப்பது. எக்ஸ்ரே ஃபிலிமைப் போலவே இவையும் பாதுகாப்பற்றவை. பைனாகுலர், கேமராவுக்கு வடிகட்டியை முன் லென்ஸில் பொருத்த வேண்டும். கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்த்தால், குவிந்த வெப்பம் கண்ணாடியையே பொசுக்கிவிடும்.

கண்ணாடியைக் கழற்றக் கூடிய நேரம் முழு மறைவு மட்டுமே. கடைசி ஒளிப்புள்ளியும் அணைந்தபின் கழற்றுங்கள். மறுபக்கம் வெளிச்சம் எட்டிப் பார்ப்பதற்குள் அணிந்துவிடுங்கள். முடிவதற்கு 20 விநாடி முன்பாக ஒலிக்கும்படி மொபைலில் அலாரம் வைப்பது நல்லது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பகுதிகளில் தெரிந்தது வளையக் கிரகணம். அந்த வகையில் ஒரு விநாடி கூடக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

கூட்டம் கூடும் இடத்தில் மொபைல் நெட்வொர்க் திணறலாம். எனவே வரைபடக் கட்டம் திரையில் இருக்கும்போதே விண்டோஸ் கீயுடன் பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்துங்கள். பிக்சர்ஸ் ஃபோல்டரில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் படம் சேர்ந்துவிடும். அதை இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றைக் கண்ணாடிகள் உள்ள கவரிலேயே வைத்துவிடுங்கள்.