சந்தேகப்பட்டவரே கணக்குப் பார்த்தார்

"பூமியாவது, சூடாகிறதாவது! அந்தக் காலத்தில் அக்னி நட்சத்திரம் கொளுத்தவில்லையா?" என்று தாத்தா கேட்கிறார். 'மனிதர்கள் விடும் புகையால்தான் சூடு' என்று பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வருகிறது. நடுவில் அம்மா என்ன பதில் சொல்வது?

தாத்தா மாதிரியே சந்தேகப்பட்ட ஒரு பௌதிகப் பேராசிரியர் அமெரிக்காவில் இருக்கிறார். கலிபோர்னியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் முல்லர். வெப்பமானியை நகரத்து நடுவில், சிமெண்டுக் கட்டடத்தின் பக்கத்தில் வைத்தால் சூடு கூடத்தானே காட்டும்? தங்களுக்குச் சாதகமான அளவுகளை மட்டும் விஞ்ஞானிகள் பொறுக்கி எடுத்திருந்தால்? நியாயமான கேள்விகள்தான்.

மளிகைக் கடைச் சீட்டில் கூட்டல் இடித்தால் நாம் என்ன செய்வோம்? நாமே ஒரு தரம் கூட்டிப் பார்ப்போம், இல்லையா? அவரும் அதைத்தான் செய்தார். 2010-ல் மகள் எலிசபெத்துடன் சேர்ந்து 'பெர்க்கிலி எர்த்' என்ற ஆராய்ச்சிக் குழுவைத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், பண உதவி செய்தவர்களில் எண்ணெய்த் தொழில் கோடீஸ்வரர் சார்ல்ஸ் கோக்கின் அறக்கட்டளையும் உண்டு! நூறு கோடிக்கும் அதிகமான வெப்ப அளவுகளைத் திரட்டினார்கள். நகரங்களை ஒதுக்கிவிட்டு, ஊருக்கு வெளியே உள்ள நிலையங்களை மட்டும் வைத்தும் கணக்குப் போட்டார்கள். அப்போதும் ஏறக்குறைய அதே விடைதான்.

நிலப்பரப்பின் சராசரி வெப்பம் 250 வருஷத்தில் சுமார் 1.5 டிகிரி செல்ஷியஸ் ஏறியிருந்தது. சூரியன் காரணமோ என்று பார்த்தார்கள். அதன் ஏற்ற இறக்கம் இதோடு ஒத்துப்போகவில்லை. எரிமலை வெடித்தால் சில வருஷம் பூமி குளிர்கிறது, அப்புறம் பழையபடிதான். நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் பெருகிய கரியமில வாயுவின் ஏற்றம்தான் அச்சாகப் பொருந்தியது. மனம் மாறிவிட்டதாக 2012-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிலேயே எழுதினார் முல்லர். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

அதற்காக எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டிவிடவில்லை. ஏதோ ஒரு புயல் அடித்தால் அதற்கும் இதுதான் காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. விஞ்ஞானிகளும் சறுக்கியதுண்டு. இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா. குழுவின் 2007 அறிக்கையில் வந்துவிட்டது. அது தப்பு என்று 2010-ல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மனிதர்களால் பூமி சூடாகியிருக்கிறது என்பதில் ஐயமே இல்லை என்று அதே குழு 2021-ல் அடித்துச் சொல்லிவிட்டது. இனி எத்தனை டிகிரி ஏறும், எந்தச் சீமையில் மழை எப்படி மாறும் என்பதில்தான் இன்றைக்கும் அவர்களுக்குள் வாதம் நடக்கிறது.