பரணில் உறங்கும் இசைத்தட்டுகள்: விற்க விழைவோர் அறியவேண்டுவன

நம் பெற்றோர் காலத்து இல்லங்கள் பலவற்றில் வானொலிப் பெட்டிக்கு அடுத்தபடியாக மதிப்புடன் விளங்கியது ரிகார்டு பிளேயர். சம்பள நாளில் ஒரு தட்டு, திருமண நாளை முன்னிட்டு ஒரு தட்டு எனச் சிறுகச் சிறுகச் சேர்ந்த இசைத்தட்டுகள், ஒலிநாடாவும் குறுந்தகடும் வந்தபின் பரணில் ஏறின. இன்று வீடு மாறும்போதோ, பாகம் பிரிக்கும்போதோ அவை மீண்டும் வெளியே வருகின்றன. இவற்றை என்ன செய்வது, விற்றால் யார் வாங்குவார் என வினவும் குடும்பங்கள் பல. அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசைத்தட்டின் காலம் முடிந்துவிட்டது எனக் கருதுவோர் உளர். உண்மை அதுவன்று. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு விற்பனையான வினைல் இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, 1987க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தகடுகளின் எண்ணிக்கையை விஞ்சியது. 1989இல் இசைத்தட்டு அச்சிடுவதை நிறுத்திய ஜப்பானின் சோனி நிறுவனம், 2018இல் அத்தொழிலை மீண்டும் மேற்கொண்டது. நம் நாட்டிலும் பழைய தட்டுகளைத் தேடி வாங்குவோர் இருக்கின்றனர். ஆகவே எடைக்குப் போடுமுன் சற்றே நிதானித்தல் நன்று.

எவ்வகைத் தட்டு?

முதற்கண், கையில் இருப்பது எவ்வகைத் தட்டு என அறிதல் வேண்டும். இந்தியாவில் வணிக முறையிலான ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையார் முதலியோரின் பாடல்களுடன் தொடங்கிற்று. 1908இல் அந்நகரிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலையும் அமைந்தது. அக்காலத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. நிமிடத்திற்கு 78 முறை சுழல்பவை. பத்து அங்குலத் தட்டாயின் பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் ஒலிக்கும். கனமானவை, கைதவறி வீழ்ந்தால் உடைந்துவிடும்.

1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன எல்.பி. தட்டினை வெளியிட்டது. நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் அத்தட்டு பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேலும் ஒலிக்க வல்லது. அடுத்த ஆண்டே 45 முறை சுழலும் ஏழு அங்குலச் சிறு தட்டும் வந்தது. நம் இல்லங்களில் திரைப்படப் பாடல்கள் பெரும்பாலும் இச்சிறு தட்டுகளிலும் எல்.பி.க்களிலுமே உள்ளன.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் கேடு பெரிது. பழைய கிராமபோனின் இரும்பு ஊசியை வினைல் தட்டின்மேல் வைத்தால் ஒரே முறையில் ஒலிவரிகள் சிதையும். ஸ்பிரிட் கொண்டு அரக்குத் தட்டைத் துடைத்தால் அரக்கு கரைந்துபோகும். மென்மையான துணியைக் காய்ச்சி வடித்த நீரில் சிறிதே நனைத்து, ஒலிவரியின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நிழலில் உலரவிடுதல் போதும். நடுவிலுள்ள காகிதச் சீட்டில் நீர் படலாகாது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது, நூல்களைப் போல் நிறுத்தி வைத்தல் வேண்டும். ஓட்டு வீட்டுப் பரணின் வெப்பத்தில் படுத்துக் கிடந்த வினைல் தட்டு வளைந்துவிடும். வளைந்த தட்டை வாங்குவார் அரியர்.

விலை எதனால் அமைகிறது?

பழமை ஒன்றே விலையாகாது. எத்தனை படிகள் அச்சாயின, அவற்றுள் எத்தனை நல்ல நிலையில் எஞ்சியுள்ளன, அவற்றை எத்தனை பேர் விரும்புகின்றனர் என்னும் மூன்றுமே விலையை நிறுவுகின்றன. எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் பாடி 1963இல் வெளிவந்த சுப்ரபாத எல்.பி. பெரும் புகழ் பெற்றது. அப்புகழினாலேயே அது ஏராளமாக அச்சாகி வீடுதோறும் சென்றது. எனவே அது எளிதில் கிடைக்கும். கிடைக்கும் பொருளுக்கு விலை உயர்வதில்லை. 1933இல் மறைந்த நாடக மேதை எஸ். ஜி. கிட்டப்பா அவர்களின் அரக்குத் தட்டு கீறலின்றி இருப்பின், அதன் நிலை வேறு. பெரும்பாலானவை உடைந்தும் தேய்ந்தும் போயினமையால் எஞ்சியவற்றைச் சேகரிப்போர் நாடுவர்.

தட்டின் உறையும் விலையில் பங்குடையது. உறை கிழியாது, பெயர் எழுதாது, கறை படாது இருப்பின் விலை கூடும். தட்டின் நிலையைக் குறிக்க இவ்வணிகத்தில் ஆங்கிலச் சொற்கள் சில வழங்குகின்றன. புத்தம் புதியது ‘மிண்ட்’, ஏறத்தாழப் புதியது ‘நியர் மிண்ட்’, சிறு கீறல்களுடன் நன்றாய் ஒலிப்பது ‘வெரி குட் பிளஸ்’, இரைச்சல் கேட்கத் தொடங்கியது ‘வெரி குட்’. இவற்றுக்கும் கீழே உள்ளதே ‘குட்’. நல்லது என்னும் பொருளுடைய அச்சொல் இங்கு மிகத் தேய்ந்த தட்டையே சுட்டும். இதனை அறியாது ‘குட்’ என விளம்பரம் செய்பவர் தம் பொருளைத் தாமே தாழ்த்தியவராவர். மிகைப்படுத்தி ‘மிண்ட்’ என்பவரோ, தட்டைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் நேரிடும்.

விற்பதற்குரிய வழிகள்

வழிகள் மூன்று. ஒவ்வொன்றும் ஒன்றைத் தந்து மற்றொன்றைப் பெறுவதாகும்.

முதல் வழி, மொத்தமாக வணிகரிடம் தருதல். சென்னை மூர் மார்க்கெட் ஒரு காலத்தில் இதற்குப் பெயர் பெற்றிருந்தது. 1985இல் அது தீக்கிரையானபின் வணிகர்கள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்திற்குப் பெயர்ந்தனர். மும்பையின் சோர் பஜாரும் பழம்பொருள்களுக்குப் பெயர் பெற்ற இடமே. இவ்வழியில் வேலை ஒரே நாளில் முடியும். ஆயின் விலை குறையும். வணிகர் கடை வாடகை தந்து, விலைபோகாத தட்டுகளையும் சேர்த்தே வாங்கி, மாதக்கணக்கில் காத்திருக்கிறார். எனவே அவர் குறைத்துக் கேட்பதை வஞ்சகம் எனல் தகாது. எனினும், நல்ல தட்டுகள் பத்தினை மட்டும் பொறுக்கிக்கொள்ள அவரை விடலாகாது. பத்தும் போனபின் எஞ்சிய இருநூறுக்கு விலையே இராது. இருவர் மூவரிடமேனும் கேட்டபின் முடிவு செய்க.

இரண்டாம் வழி, ஒவ்வொன்றாகச் சேகரிப்போரிடம் விற்றல். 2000ஆம் ஆண்டு தொடங்கிய டிஸ்காக்ஸ் என்னும் இணையத்தளம் இதற்கு உதவும். தட்டின் சீட்டிலுள்ள எண்ணையும், ஒலிவரி முடியுமிடத்தில் பொறித்த எண்ணையும் கொண்டு தேடினால், அத்தட்டு முன்னர் என்ன விலைக்குப் போயிற்று எனக் காணலாம். பிறர் கேட்கும் விலையை நோக்காது, விற்றுமுடிந்த விலையையே நோக்குக. இவ்வழியில் வரவு மிகும். ஆயின் தளத்திற்குரிய தரகும், மாதக்கணக்கான உழைப்பும் உண்டு. அனுப்பும்போது வினைல் தட்டை அதன் அட்டை உறையினின்றும் வெளியே எடுத்து, உள்ளுறையுடன் தனியே வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை சேர்த்துக் கட்டுதல் வேண்டும். இன்றேல் வழியில் குலுங்கும் தட்டு தன் உறையின் ஓரத்தைத் தானே கிழித்துவிடும்.

பலருக்கும் ஏற்றது இவ்விரண்டின் இணைப்பே எனலாம். அரிய தட்டுகளாகிய இருபதையோ முப்பதையோ தனித்தனியே விற்று, ஏனையவற்றை வணிகரிடம் மொத்தமாகத் தருக. உழைப்பும் குறையும், இழப்பும் குறையும்.

மூன்றாம் வழி விற்பனையன்று, கொடை. ஒரே கலைஞரின் அல்லது ஒரே காலத்தின் தட்டுகள் தொகுதியாகச் சேர்ந்திருப்பின், பிரித்து விற்றால் அத்தொகுதியின் பயன் அழியும். 1982இல் தொடங்கப்பெற்று இன்று குருகிராமில் இயங்கும் இசை ஆய்வு ஆவண மையம் போன்ற காப்பகங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். ஏற்கெனவே தம்மிடம் உள்ளவற்றை அவை ஏற்கமாட்டா. எனவே பட்டியலை முதலில் அனுப்புதல் முறை.

ஒன்று நினைவிற் கொள்க. தட்டினை விற்பதற்கு உரிமை உண்டே தவிர, அதிலுள்ள பாடலைப் படியெடுத்து விற்பதற்கு உரிமையில்லை. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும்.

விற்குமுன் இல்லத்தாரைக் கேட்க

நாம் அறிந்த இல்லம் ஒன்றில், தந்தை மறைந்த சில திங்களுக்குள் மூத்த மகன் தட்டுகள் அனைத்தையும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டார். அவரிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. வீட்டை வாடகைக்கு விட இடம் தேவைப்பட்டது. கோடை விடுமுறைக்கு வந்த தங்கை தேடியது ஒரே ஒரு சிறு தட்டினை. திருமணமான ஆண்டில் தந்தையார் தாயாருக்கு வாங்கித் தந்தது அது. உறையின் மேல் அவர் கையெழுத்தும் இருந்தது. சந்தையில் அதற்குச் சில பத்து ரூபாய் கிடைத்திருக்கலாம். உடன்பிறந்தோர் இருவரும் அதன்பின் நெடுநாள் பேசிக்கொள்ளவில்லை.

எனவே பட்டியல் எழுதும் பணியைத் தனியே செய்யாதிருப்பது நன்று. பெயர், எண், நிலை என மூன்று பத்திகள் கொண்ட ஒரு குறிப்பேடு போதும். முதியவர் உயிருடன் இருப்பின் அவரையே அருகில் அமர்த்தி, எது யாருக்கு எனக் கேட்டு எழுதுக. கணவரை இழந்த தாயாரின் மருத்துவச் செலவிற்காக விற்பதாயின், வரும் தொகை அவர் பெயரிலேயே சேர்க என முன்னரே பேசி முடிக்க. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு தட்டினை எடுத்துக்கொண்டபின், எஞ்சியவற்றுக்கு விலை பேசுக.

நிலையைக் குறிக்க ஒவ்வொரு தட்டையும் ஒருமுறை ஒலிக்கச் செய்தே ஆகவேண்டும். பழுது பார்த்த ரிகார்டு பிளேயர் ஒன்றும், அரக்குத் தட்டுக்கும் வினைலுக்கும் தனித்தனி ஊசியும் இருந்தால் இப்பணியை மாலைதோறும் சிறிது சிறிதாக முடிக்கலாம். பேரப்பிள்ளைகளும் உடனிருக்கட்டும். தம் பாட்டனார் எதைக் கேட்டு மகிழ்ந்தார் என்பதை அவர்கள் அறிய வேறு வாய்ப்பு அமைவது அரிது.