இதயமும் ஒரு சுரப்பியே

இதயம் இரத்தத்தை இறைக்கும் ஓர் இயந்திரம் என்றே நெடுங்காலம் நாம் கற்றும் கற்பித்தும் வந்தோம். அது ஹார்மோன் சுரக்கும் உறுப்புமாகும் என்பதும், நாம் உண்ணும் உப்போடு ஓயாது கணக்குப் பார்த்து வருகிறது என்பதும் ஆய்வுக்கூட எலிகள் நமக்கு அறிவித்த செய்தி.

1956-இல் கினிப்பன்றியின் இதயம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராயப்பட்டபோது, மேலறைத் தசையணுக்களில் சிறு மணிகள் போன்ற துகள்கள் தென்பட்டன. ஹார்மோன் சுரக்கும் அணுக்களிலுள்ள மணிகளை அவை ஒத்திருந்தன. ஆயினும் அவற்றின் பணி கால் நூற்றாண்டுக் காலம் விளங்கவில்லை.

கனடா நாட்டின் கிங்ஸ்டன் நகரில், குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அடால்ஃபோ டி போல்ட் என்பார், எலிகளின் உடலில் நீரும் உப்பும் மாறுபடும்போது இம்மணிகளும் மாறுபடுவதைக் கண்டார். துப்புக் கிடைத்துவிட்டது. எலியின் மேலறைத் தசையை அரைத்தெடுத்த சாற்றை வேறு எலிகளின் இரத்தத்தில் செலுத்தினார். விரைவிலேயே அவற்றின் சிறுநீர் 10 மடங்காயிற்று. அதனோடு வெளியேறிய சோடியமோ 30 மடங்குக்கும் மேல்! இரத்த அழுத்தமும் தணிந்தது. கீழறைத் தசையின் சாறு இவ்வாறு எதுவும் செய்யவில்லை. 1981-இல் இம்முடிவு வெளியாயிற்று. சில ஆண்டுகளிலேயே 28 அமினோ அமிலங்களாலான அந்த ஹார்மோன் இன்னதென்று தெளிவாயிற்று.

உப்பு மிகுந்தால் உடல் நீரைத் தேக்கிக்கொள்ளும். இரத்தத்தின் அளவு பெருகும். மேலறைச் சுவர்கள் விரியும். அவ்விரிவே கட்டளை. உடனே ஹார்மோன் வெளிப்பட்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றுமாறு சிறுநீரகங்களை ஏவுகிறது. இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது.

அப்படியானால் ஊறுகாயும் கருவாடும் தாராளமாக உண்ணலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் 1995-இல் அமெரிக்காவில் வெளியான சுண்டெலி ஆய்வை அறிதல் நலம். இந்த ஹார்மோனுக்குரிய மரபணுவை இரு பெற்றோர் வழியிலும் இழந்த சுண்டெலிகளுக்குச் சாதாரண உணவிலேயே இரத்த அழுத்தம் ஏறியது. ஒரு வழியில் மட்டும் இழந்தவையோ, சாதாரண உணவில் யாதொரு குறையுமின்றி இருந்தன. உணவில் நூற்றுக்கு 8 பங்கு உப்புச் சேர்த்தபோதுதான் அவற்றின் அழுத்தம் 27 மில்லிமீட்டர் உயர்ந்தது. வெளித்தோற்றத்தில் எவ்வித வேறுபாடுமில்லை. உப்பு மிகுந்தபோதே குறை வெளிப்பட்டது. சுண்டெலி மனிதனல்ல என்பது மெய்யே. எனினும், ஒரே குழம்பை உண்ணும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் இரத்த அழுத்தம் ஏறுவதைக் கண்டிருக்கிறோமன்றோ? வயதுவந்தோர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி.

இதயம் தளர்ந்தோரிடம் நிலைமை இன்னும் வேறு. அவர்களது இதயம் இவ்வகை ஹார்மோன்களை மிகுதியாகவே சொரிகிறது; சிறுநீரகங்களோ முன்போல் செவிசாய்ப்பதில்லை. உப்பும் நீரும் தங்கிக் கால்கள் வீங்குகின்றன. மூச்சுத் திணறலோடு வருவோரின் இரத்தத்தில் இதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு ஹார்மோனை அளந்தே, நோய் இதயத்திலா நுரையீரலிலா என்று மருத்துவர்கள் இன்று ஆராய்கின்றனர்.